417, 471

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
ஏப்ரல் மூன்று, மாலை ஆறே கால்.
லேத் எல்லாம் நின்றபிறகு
ஷெட்டில் எண்ணெய் சொட்டும் சத்தம் மட்டும்
கணக்கு அறைவரை வரும்.

மல்லேஷப்பா இன்னொரு அட்வான்ஸ் கேட்டிருந்தார்.
பழைய பாக்கி எவ்வளவு என்று பார்த்தேன்.
பூஜ்யம்.
ஆகஸ்டில் பதினாலாயிரம் வாங்கியவருக்கு
ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல்
பூஜ்யம் எப்படி வரும்?

அலமாரியில் தேடி வவுச்சரை எடுத்தேன்.
அவர் கையெழுத்து. பக்கத்தில் 417.
திரையில் 471.
ஒன்றும் ஏழும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன,
பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக மாறிக்கொண்ட
இரண்டு பிள்ளைகள் மாதிரி,
எந்தக் குற்றமும் அறியாமல்.

471, சன்னவீரய்யா.
டிரில்லிங் செக்‌ஷன்.
செப்டம்பரிலிருந்து மார்ச்வரை
மாதம் இரண்டாயிரம்
அவர் சம்பளத்தில் நான்தான் பிடித்திருக்கிறேன்.
தசராவுக்கு முந்தின வாரமும் பிடித்தேன்.
ஏழு முறையும் மென்பொருள்
ஓர் எச்சரிக்கையும் காட்டவில்லை.
பற்றும் வரவும் சமமாக இருந்தால் போதும் அதற்கு.
யாருடைய பற்று,
யார் வரவேண்டிய வழியைப் பார்த்திருந்தார்
என்றெல்லாம் கேட்காது.

அழித்துவிடத்தான் முதலில் பார்த்தேன்.
அழிக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது.
ஆகஸ்டைப் பூட்டியாகிவிட்டது,
சாவி மல்லேஸ்வரத்து ஆடிட்டரிடம்.
எதிர்ப்பதிவு மட்டும் போடலாம்,
அதுவும் இன்றைய தேதியில்.

போட்டேன்.
வங்கிக்குப் பதினாலாயிரம் திரும்பி வந்ததாம்.
அடுத்த வரியில் மறுபடி கிளம்பி
இந்த முறை சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததாம்.
வங்கிக்கு இதொன்றும் தெரியாது.
சன்னவீரய்யாவுக்குக் கம்பெனி கடன்பட்டிருக்கிறது
என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது, சிவப்பில்.

காரணம் எழுதாமல் திரை நகரவிடவில்லை.
கவனக்குறைவு என்று அடித்தேன். அழித்தேன்.
எண் இடமாற்றம் என்று அடித்தேன்.
பதிந்தவர் வளர்மதி.
திருத்தியவர் வளர்மதி.
இனி எட்டு மாதத் தொலைவில் இருந்து
இரண்டு வரியும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மெட்ரோவில் நின்றபடியே
வட்டி போட்டுப் பார்த்தேன்.
மூன்று சதவீதம் என்றால் நூற்றைந்து ரூபாய்.
பர்ஸைத் திறந்து பார்த்து மூடினேன்.

காலையில் கூப்பிட்டனுப்பினேன்.
பழந்துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.
தப்பு நந்தே என்றேன், எனக்குத் தெரிந்த கன்னடத்தில்.
கோபப்பட்டால் சொல்ல
நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

ஏழு மாசமா ஏன் கேக்கலே?

தரையைப் பார்த்தார்.
ஆகஸ்டில் ஒரு கார்பைட் பிட்
அவர் கையில் உடைந்ததாம்.
அதற்குத்தான் பிடிக்கிறார்கள் என்று இருந்தாராம்.
இன்னும் எத்தனை மாதம் என்று கேட்க
வெட்கமாக இருந்ததாம்.

ஆகஸ்டைத் திறந்து காட்டினேன்,
பூட்டியிருந்தாலும் பார்க்கலாம்.
கருவித் தேய்மானம், அறுநூற்று நாற்பது.
அன்றைக்கே செலவில் எழுதிவிட்டோம்.
யார் பெயரிலும் இல்லை.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பணம் நாளைக்குள் வந்துவிடும் என்றேன்.
தலையாட்டினார், சந்தோஷமில்லை.
ஏழு மாதம் கட்டித் தீர்த்த குற்றத்தைத்
திரும்பக் கையில் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

அப்போ, பிட்டுக்கு?

எனக்குப் பதில் தெரியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மல்லேஷப்பா
விண்ணப்பத்தை நாலாக மடித்துக்கொண்டு நின்றார்.
ஏழு மாதமாக
அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.