மூட்டைக்கு அரைச் சதம்

தொண்ணூறாம் ஆண்டு வருகிறது,
சுவரில் பதிக்க ஒரு வரலாறு வேண்டும்,
நூறு சொல்லுக்குள், என்றார் டிரெக்டர்.
மூன்று மொழிக்கும் ஒரே கல்.
தமிழை முதலில் நான் எழுத வேண்டும்.

எனக்குத் தந்தவை ஏழு பேரேடுகள்,
ஒரு மேசைவிசிறி,
'நிறுவனர் தம் சொந்த உழைப்பிலிருந்து'
என்று தொடங்கும் பழைய மலர் ஒன்று.

மூ.வெ.கா. கொம்பனி.
நான்காம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய், பருப்பு, பம்பாய் வெங்காயம்.
காத்தமுத்துவைக் கானா என்பார்களாம்.
படத்தில் அவர் கோட்டுப் பொத்தான் ஒன்று
பூட்டாமல் இருக்கிறது.
மலர் அதை எளிமை என்கிறது.

கொடுத்தது பொய்யில்லை.
பெரியாஸ்பத்திரிக்குப் பத்து இரும்புக் கட்டில்.
ஜிந்துப்பிட்டியில் ஒரு தண்ணீர்க் குழாய்,
இரண்டாம் வருடமே அதற்கொரு பூட்டு, முப்பது சதம்.
கொட்டாஞ்சேனையில் இராப் பள்ளிக்கூடம்,
சிலேட்டு நாற்பது, உடைந்தது பதினொன்று.
உடைந்ததையும் எழுதிய கிளாக்கரை
எனக்குப் பிடித்துப்போயிற்று.

எண்பத்து மூன்று ஆடியில் கடை எரிந்தது.
பேரேடுகள் அன்றைக்கு மருதானையில்,
லயனலின் பைண்டிங் கடையில்,
பசை காயக் காத்துக் கிடந்தன.
ஏழு மாதம் கழித்து
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தானாம்.
பரிசு என்று நீட்டியதை வாங்காமல்
கட்டுக்கூலிக்கு மட்டும் பில் எழுதினானாம்.
அந்த பில் ஐந்தாம் ஏட்டில் ஒட்டியிருக்கிறது,
சிங்களத்தில், சாய்ந்து ஓடும் எழுத்தில்.

பிறகு தருமக் கணக்கு நிதியம் ஆயிற்று.
நிதியத்துக்கு ஒரு சின்னம் வந்தது:
இரண்டு கை, நடுவில் ஓர் இலை.
வரிவிலக்கு எண்ணும் வந்தது.

முதல் ஏட்டைக் கடைசியாகத்தான் திறந்தேன்.
உ.
லாபம்.
கீழே, மை மங்கி:
மகமை, மூட்டைக்கு அரைச் சதம்,
நாட்டாமிக் கூலியில் பிடித்தது.

மேசைவிசிறியை நிறுத்திவிட்டுத்
திரும்ப வாசித்தேன்.
கூலியில் பிடித்தது.
அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும்.
பத்தொன்பது வருடம்,
துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த மாதம் நீங்கலாக.
அந்த மாதம் தருமம் இல்லை.

இடையில் ஒரு பக்கம்:
நாட்டாமி இருளப்பன், அடுக்கு சரிந்து இறந்த வகையில்,
பெண்சாதி வெள்ளத்தாய்க்கு ரூபாய் பதினைந்து.
பக்கத்தில் நீலப் பெருவிரல்.
'ஐயா அவர்களின் ஈகைக்கு நன்றி' என்று
அவளுக்காக யாரோ எழுதியிருக்கிறார்கள்.
பதினைந்து ரூபாய்க்கு மூவாயிரம் மூட்டை.
இருளப்பன் முதுகில் அதற்கு மேலேயே போயிருக்கும்.

கல்லுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:
நாட்டாமிகளின் கூலியால் தொடங்கி
கொம்பனியின் பெயரால் நடந்துவரும் அறம்.
ஏழு சொல்.
மிச்சம் தொண்ணூற்று மூன்றையும்
வெறுமையாக விட்டேன்.

டிரெக்டர், கானாவின் பேத்தி மகன்,
கண்ணாடியைக் கழற்றினார்.
இன்றைய மதிப்பில் எவ்வளவு வரும், என்றார்.
கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்.
வாய் திறந்ததும்
வேண்டாம், சொல்லாதே, என்றார்.
கதவு வரை போய்
வட்டியோடா, என்று கேட்டார்.

கல் இன்னும் வரவில்லை.
இந்த வருடப் புலமைப்பரிசிலுக்கு
நூற்றெட்டு விண்ணப்பம் என் மேசையில்.
தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ஒரு பிள்ளை
வியாபாரம் என்று எழுதி
அழித்து
நாட்டாமி என்று எழுதியிருக்கிறது.
தாள் அந்த இடத்தில் மெலிந்திருக்கிறது.

கீழே தெருவில்
ஒருவன் கைவண்டி தள்ளி வருகிறான்,
பாரம், பாரம், என்று கத்திக்கொண்டு.
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்,
ஒதுங்கவில்லை.