ஏழு டிகிரி

பேட்டரி கிடையாது. ஒயர் கிடையாது.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய
வெள்ளைப் பெட்டி.
கர்னி கடலோர ஓட்டலில், சலவை அறைக் கூரையடியில்,
வெந்நீர்க் குழாயின் முதுகில்
நான்தான் மாட்டினேன்,
ஏணியின் ஏழாம் படியில் நின்று.

குழாய் சுடும். காற்று அவ்வளவு சுடாது.
இரண்டுக்கும் நடுவே சிந்துவதைப்
பொறுக்கித் தின்று உயிர் வாழும்.
அதிலும் மிச்சம் பிடித்து
வால்வைத் திருகும்;
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு சொல் அனுப்பும்.
அறுபது.
அறுபது.
ஐம்பத்தொன்பது.

"சம்பளம் கேட்காத ஒரே ஆள்," என்றார் மேனேஜர் லிம்.
சிரித்து வைத்தேன்.
என் ஓவர்டைம் இரண்டு மாதம் பாக்கி.

வெள்ளி இரவு பத்தே காலுக்கு போன்:
"சரளாம்பிகை, உன் பெட்டி செத்துப்போச்சு லா."
ஆயர் ஈத்தாமிலிருந்து மோட்டாரில்
மழையோடு வந்தேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் எரிந்துபோயிருந்தது.
ஆறு டிரையர்களும் ஓடிக்கொண்டிருந்தன.
மேலே கல்யாண விருந்து; முந்நூறு மேசைவிரிப்பு.
ஏணியில் ஏறினால்
கூரையடியில் காற்று ஐம்பத்தைந்து.
குழாய் அறுபது.
பெட்டியில் பழுது ஒன்றுமில்லை.
அத்தனை சூட்டுக்கு நடுவில்
அது பட்டினி கிடந்தது.

குறைந்தது ஏழு டிகிரி வித்தியாசம் வேண்டும்:
கையேட்டில், பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.
படித்திருக்கிறேன்.
தோலுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இறங்கும்போதுதான் பார்த்தேன்,
பிஷ்ணு மாயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.
ரொகியா அவள் கழுத்தில்
ஈரத் தலையணை உறை வைத்துக்கொண்டிருந்தாள்.
எப்போதிலிருந்து ஃபேன் இல்லை?
"ஆறு மணி, அக்கா."

ஆறு மணி.
பெட்டி பத்து மணிக்கு ஊமையானது.
பத்தே காலுக்கு எனக்கு போன் வந்தது.

பின்கதவு பூட்டியிருந்தது; துண்டு திருட்டாம்.
சாவி யாரிடம் என்று கேட்க நேரமில்லை.
ஸ்பேனரே சாவி.
மழை நனைத்த கடற்காற்று
உள்ளே வந்து ஒவ்வொருவர் முகமாகத் தொட்டது.
மாயா தண்ணீர் குடித்தாள், பாதியைச் சிந்தி.
மேலே சிவப்புப் புள்ளி
ஒருமுறை கண் சிமிட்டியது.
அறுபது.

ரிப்போர்ட் எழுத வேண்டும்.
பாதிக்கப்பட்டவை: வால்வு, ஒன்று.
அதன் கீழே
பிஷ்ணு மாயா, ரொகியா என்று தட்டினேன்.
சொத்து எண்? என்றது திரை.

கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.
கதவுக்கு முட்டுக்கொடுத்த
சோப்புத்தூள் டிரம்மை
எடுக்காமல் வந்தேன்.