கடைசிப் பத்து நிமிடம்

மாம்பழ மழை என்போம் இங்கே.
ஏப்ரலில் கேட்காமல் வரும், கேட்காமல் போகும்.
போபோ நகரத்துத் திறந்தவெளிக் கொட்டகையில்
சனிக்கிழமை இரவு
கதவைச் சுமந்தவன் கடைசி ஊருக்குள் நுழையும்போது
திரையில் முதல் துளி விழுந்தது.
அவன் நெற்றியில் விழுந்ததென்றே நினைத்தோம்.
"அடடா, என்ன ஒளிப்பதிவு" என்றான் லசினா.
அடுத்த நிமிடம்
நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
ஓடிக்கொண்டிருந்தோம்.

படம் இவ்வளவுதான்:
ஒருவன் ஒரு கதவைச் சுமந்து நடக்கிறான்.
வீடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை,
விலை என்ன என்றுதான் கேட்கிறார்கள்.
மூன்று ஊர், ஒரு பாலம், ஒரு சோதனைச்சாவடி.
சாவடியில் கதவைத் தட்டிப் பார்த்து
"உள்ளே யார்?" என்கிறான் போலீஸ்காரன்.
எனக்குப் பின்னால் ஒருத்தன்
இருமல் வரும்வரை சிரித்தான்.

ஞாயிறு, என் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில்
கரியடுப்பில் தேநீர் ஏறியதும்
லசினா தொடங்கினான். வெல்டிங் வைப்பவன்.
"மரக்கதவு எத்தனை மழை தாங்கும்?
இரும்பா இருந்திருந்தா கதையே வேற."
"இரும்பா இருந்தா முதல் ஊரைத் தாண்டியிருக்க மாட்டான்" என்றேன்.

தோஃபினி, கணக்கு வாத்தியார்,
"கதவு என்பது கதவல்ல" என்று ஆரம்பித்தார்.
இரண்டாம் சுற்றுத் தேநீர் தீரும்போது
சுதந்திரம் வாங்கிய வருஷத்துக்கு
வந்து சேர்ந்திருந்தார்.

நியேலே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் கணவன் அபிஜானுக்குப் போய் ஆறு வருஷம்.
"ஒரு சுவருக்கு முன்னால கதவைச் சாத்தி வெப்பான்,
தட்டுவான்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுவான்.
படம் அங்க முடியணும்."
"திறக்கிறது யாருன்னு காட்டுவாங்களா?"
"காட்டக் கூடாது" என்று
பல்லால் நூலைக் கடித்தாள்.

எனக்கு முடிவே வேண்டாம்.
பாலத்து நடுவில் கதவைக் கீழே போட்டு
அதன்மேல் அவன் படுத்துத் தூங்கினானே,
லாரிகள் எல்லாம் ஒதுங்கிப் போயினவே,
அது போதும்.
கார்புரேட்டரைக் கழற்றியபடி இதைச் சொன்னேன்.
யார் காதிலும் விழவில்லை.

அப்போதுதான் கடலைக்கூடையோடு அபிபாத்தா வந்தாள்.
கூடை கனம், அவள் ஓடவில்லையாம்.
மெஷின் அறைத் தகரத்துக்குக் கீழே நின்றாளாம்.
ஆபரேட்டர் தூங்கிப்போயிருக்கிறான்,
அவள் ஒருத்திக்காக
மழையில் படம் ஓடியிருக்கிறது.

"வித்துட்டான்" என்றாள்.
"எதை?"
"கதவைத்தான். மரக்கடைக்காரன்கிட்ட.
எட்டாயிரம் சொன்னான், ஐயாயிரத்துக்கு முடிஞ்சுது.
பஸ் ஏறினான். பேரெல்லாம் ஓடிச்சு."

எங்கள் ஐந்து பேரில்
முடிவைப் பார்த்தவள் அவள் ஒருத்தி.
அவள் சொன்னதைத்தான் ஒருவரும் ஏற்கவில்லை.
"அது முடிவே கிடையாது" என்றான் லசினா.
"இடையில் வரும் காட்சியாக இருக்கும்" என்றார் வாத்தியார்,
ஐயாயிரத்தை எங்கே பொருத்துவது என்று தெரியாமல்.
போய்ப் பார்த்துவரவும் வழியில்லை,
விடியற்காலை பஸ்ஸில் படம் பன்ஃபோராவுக்குப் போய்விட்டது.

"சரி, நல்ல படமா, அதையாவது சொல்" என்றேன்.
"பதினேழு பொட்டலம் மிஞ்சிச்சு."
சண்டைப் படமென்றால்
இடைவேளைக்குள் கூடை காலி.
மெல்ல மறந்துபோனால்தான் அவளுக்கு நல்ல படம்.
"மழையால மிஞ்சினது."
"மழைக்கு முன்னாலயே எண்ணிட்டேன்."

நியேலே ஊசியைக் கீழே வைத்தாள்.
"அந்தப் பச்சைக் கதவையா? ஐயாயிரத்துக்கா?"
"நீலம்" என்றான் லசினா.
பழுப்பு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.
வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.
"அது கறுப்பு வெள்ளைப் படம்."

கெண்டி பொங்கிக் கரியை நனைத்தது.
யாரும் எடுக்கவில்லை.
எல்லோரும் அபிபாத்தாவைப் பார்த்தோம்.

"விக்கும்போது பச்சையாத்தான் இருந்துச்சு" என்றாள்.
"கடலை வேணுமா, வேணாமா?"