வேண்டுதல்

பட்டாணி அளவுதான்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி லாரியை ஓரங்கட்டி
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
அழுத்தினாலும் வலிக்கவில்லை.
வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

பாண்டி கோயிலுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன்.
நாலாம் வாரம்
தடம்கூட இல்லை.
கறிச்சோற்றைப் பிசைந்தபடி மச்சான் கேட்டான்,
என்ன வேண்டுதல்.
லாரிக்கு எஃப்.சி. கிடைத்தது என்றேன்.
பக்கத்தில் ராக்கு
நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்,
மசக்கை விட்டிருந்த நேரம்.

இன்று பெரியாஸ்பத்திரி.
அவள் கர்ப்பச் சீட்டில்
ஒரு வரியைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள்.
புண்தான் ஆறியது, கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது
என்கிறார் டாக்டரம்மா,
சுகவாழ்வு மையம் என்று எழுதிய அறையில்.

ராக்கு திரும்பிப் பார்த்தாள்.
“எஃப்.சி.யா?”

முதல் ஊசி அவளுக்கு.
பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
அம்மா, என்றாள்.