கையை எடுக்காதேங்கோ

பதினொரு நாளாய்ப் பேச்சில்லை.
காரணம் இந்த அன்ரனாதான்:
பன்னிரண்டு அடிக் குழாய்,
இருபத்திரண்டு அலுமினிய விரல்,
ஒரு பூஸ்டர், முப்பது மீற்றர் வயர்.
வொஷிங் மெஷினுக்கென்று
செலஸ்ரீன் கட்டி எடுத்த சீட்டுக் காசு.

மா ஆலையில் இரவு வேலை முடிந்து
சீனக்குடாவிலிருந்து ஐந்தரைக்கு வந்தேன்.
புருவமெல்லாம் கோதுமை.
உவர்மலையில் ஓர் இலை அசையவில்லை.
உட்துறைமுகம் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது.
இப்படியான விடியலில்தான்
கடலுக்கு மேலே வெக்கைக் காற்று ஒரு கூரை போடும்.
அதற்கும் தண்ணீருக்கும் நடுவால்,
கடற்படைப் படகுகளின் தலைக்கு மேலால்,
ஐந்நூறு கிலோமீற்றர்
எங்கேயும் இறங்கி மூச்சுவிடாமல் வரும்
சென்னைக் கோபுரத்து அலை.

சப்பாத்தும் கழற்றாமல் மேல்தட்டுக்கு ஏறினேன்.
வடக்கு. வடக்கிலிருந்து ஒரு சாண் மேற்கு.
காகம் குந்தியிருந்து அதைக்
கன்னியாப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது.

"இருக்கோ?" என்று கத்தினேன்.
யாரிடம் என்று சொல்லவில்லை.
கீழே யன்னல் கொஞ்ச நேரம் யோசித்தது.
"பலம் அறுபத்தெட்டு. தரம் சைபர்."
எங்கள் கலியாணத்தைத்தான் சொல்கிறாளோ
என்று ஒரு கணம்.

முந்திய ரீவியில்
மணல்மழைக்குள் ஒரு முகம் தெரியும்,
பக்கத்தில் அதன் ஆவியும் தெரியும்.
மூக்கை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.
டிஜிற்றலுக்கு அந்த இரக்கம் கிடையாது.
வந்தால் மயிர்க்கால்வரை வரும்.
வராவிட்டால் கறுப்பு.

ஒரு விரற்கடை திருப்பினேன்.
"இருக்கோ?"
"இல்லை."
இன்னும்.
"இருக்கோ?"
"இல்லை... நில்லுங்கோ.
பெட்டி பெட்டியா ஒரு பொம்பிளை. வாய் மட்டும் வருது."
இன்னும் ஒரு நூலளவு.
"ஐயோ, கையை எடுக்காதேங்கோ!"

எடுத்தால் போகிறது. வைத்தால் வருகிறது.
ஐம்பத்திரண்டு வயதில்
இருபத்திமூன்றாவது விரலானேன்.
படம் அவளுக்கு. எனக்குக் குழாயின் குளிர்.

"என்ன காட்டுறாங்கள்?"
"சந்தை விலை. கத்தரிக்காய் கிலோ நாப்பது."
"அது அவங்கட காசிலை."
"தெரியும். பெருக்கிறன்."
பெருக்கி முடியும்வரை பேசாமல் நின்றேன்.
கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்தாள்.

"பிறகு?"
"பிறகு புயல். கடலூர்ப் பக்கம் தொழிலுக்குப் போக வேண்டாமாம்."
இங்கே திருக்கடலூரில்
வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன,
தண்ணீரில் கோடு கீறியபடி.

"பிறகு?"
"ஒரு மாப்பிள்ளை யானையிலை வாறான்.
யானைக்கு வெக்கமாம்."

பக்கத்து மேல்தட்டில்
உடுப்புக் காயப்போட வந்த றிஸ்மியா
குழாயைக் கட்டிப்பிடித்து நிற்கும் என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு சறத்தை முறுக்கிப் பிழிந்து உதறினாள்.
துளி என் முகம்வரை வந்தது.

"பிறகு?"
"ஒரு மனிசி சீட்டுக் காசிலை
வொஷிங் மெஷின் வாங்கிப்போட்டாளாம்.
அவளைப் பேட்டி எடுக்கிறாங்கள்."

குழாயை இறுக்கிப் பிடித்தேன்.
"என்ன சொல்றாள்?"
"கை இப்ப நோகிறதில்லையாம்."

வெயில் கழுத்துக்கு வந்துவிட்டது.
றிஸ்மியாவின் கொடியில் சட்டைக் கைகள் ஆடத் தொடங்கின.
காற்று எழும்பினால் கூரை கலையும்.
கூரை கலைந்தால் அக்கரை அக்கரைதான்,
அது எனக்குத் தெரியும்.
காகம் திரும்பி வந்து
நுனிக் கம்பியில் இருந்தது.
முழு அன்ரனாவும் ஒருமுறை கிறுகிறுத்து நின்றது.
கீழே அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்,
ஒரு சொல்லும் உறையாமல்,
ஒரு பெட்டியும் உடையாமல்.

கையை எடுக்கவில்லை.
"பிறகு?" என்றேன்.