நாலாம் அறைக்கு வந்தவருக்கு

முதலில் செருப்பு.
கழற்ற இலேசானதாகப் போடுங்கள்.
கோயிலில் கழற்றவேண்டும், பள்ளிவாசலில் கழற்றவேண்டும்,
பன்சலையில் தொப்பியையும் சேர்த்து.
மாதா கோயிலில் தேவையில்லை,
ஆனாலும் பின்வாங்கில் இருப்பவர்கள் கழற்றித்தான் இருப்பார்கள்.

இரவு ரயிலின் களை முகத்தில் கிடக்கிறது.
கையெழுத்துப் போட்டபடியே கேட்டீர்கள்,
“எங்கள் கோலாலம்பூர் மாதிரி
இங்கேயும் பலவகைச் சனமா?” என்று.
தலைநகரெல்லாம் இல்லை இது.
ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், சில பாலங்கள்,
எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே வந்து நிற்கிற வாவி.
இருந்தாலும் பில்லின் பின்பக்கம்
ஒரு வரைபடம் கீறியிருக்கிறேன்.

வெள்ளனெ எழும்புங்கள்.
ஐந்தரைக்குக் கல்லடிப் பாலத்தடியில் தோணிகள் கரைக்கு வரும்.
வாங்குகிற எண்ணமில்லாமல் நண்டுக்கு விலை கேட்கக்கூடாது.
மீன் பாடுமா என்றும் கேட்கக்கூடாது.
கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள்.
தன் காதால் கேட்டவர் அதில் ஒருவரும் இருக்கமாட்டார்.
நானும்தான்.
நாற்பத்தாறு வருடமாக இந்தத் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறேன்.

மறுகா, நளீமின் ஓட்டோ.
மீட்டர் போடமாட்டான், கதை போடுவான்.
காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்சை நிற்கும்.
அது முதல்முதல் காய்த்த வருடத்தை
தன் மூத்த பிள்ளை பிறந்த வருடம்போலச் சொல்லுவான்.
பாங்கு சொன்னதும் கடைகள் பாதிக் கதவு சாத்தும்.
அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையதல்ல.
நிழல் பார்த்து நில்லுங்கள்.

திரும்பி வரும்போது கோட்டைப் பக்கம் கிறுகி
டெஸ்மன்ட் றொசைரோவின் பட்டறை எங்கே என்று கேளுங்கள்.
பறங்கி மனிசன். அலுமாரி செய்கிறார்.
பலகையை அளக்கையில் எண்ணுவது தன் பாட்டன்மாரின் பாஷையில்,
ஆணி வளைந்தால் ஏசுவது நல்ல தமிழில்.
விலை மட்டும் எந்தப் பாஷையிலும் இறங்காது.
சோமசிறியின் பேக்கரியில் மாலு பணிஸ் மூன்று மணிக்கு.
மூன்றேகாலுக்குப் போனால் தட்டுத்தான் இருக்கும்.
அவருடைய தகப்பன் ஒருக்கால் ஊரை விட்டுப் போனவர்.
மகன் திரும்பி வந்து அதே அடுப்பை மூட்டினார்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பாண் வாங்கினோம்.

இன்னொன்று.
கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே,
வரைபடத்தில் ஒரு விரல் அகலம் வெள்ளையாகக் கிடக்கும்.
பேனையில் மை முடிந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
நளீமுக்கும் சொல்லியிருக்கிறேன்.

*

இரவு எட்டரை. இதைப் பிறகு எழுதுகிறேன்.

சுணங்கி வந்தீர்கள்.
வாசலில் உங்கள் செருப்பு, அதில் மணல்.
கறுப்புத் துகள் கலந்த மணல்.
அது நாவலடி மணல் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
நளீம் பாலத்தில் நின்றுவிட்டானாம்,
நீங்கள் நடந்தே போனீர்களாம்.
பில்லுக்குக் காசு கணக்குப் பார்க்கவென்று
தாளை வாங்கித் திருப்பினேன்.
நான் விட்ட வெள்ளையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.
பக்கத்தில் உங்கள் கோணல் எழுத்து:
“வீடு இல்லை. நாலு படி.
கிணறு இருக்கிறது. தண்ணீர் உண்டு.”

நாலு படிதான்.
ஐந்தாவதை அவர் கட்டுவதாக இருந்தது, தை பிறந்ததும்.

உப்பா, நல்ல தண்ணீரா
என்று கேட்க வாய் எடுத்தேன்.

காலைக்குப் புட்டா இடியப்பமா
என்று கேட்டேன்.