இருட்டாத ஊரில் திருட்டு

ஜூன் மாதம், இரவு பன்னிரண்டரை.
வெயில் அடித்துக்கொண்டிருந்தது.
திருடப் போகிறவளுக்கு
ஐஸ்லாந்தைவிட மோசமான ஊர் கிடையாது.

ஸ்டெய்னார் வீட்டுப் பின்சுவரோரம் அந்தப் புதர்.
இலையைப் பார்த்துச் சேம்பு என்றுதான்
முதலில் ஏமாந்தேன்.
தண்டு சிவப்பு.
பகலில் அவன் மகன் ஒரு தண்டை ஒடித்து
சர்க்கரைக் கிண்ணத்தில் முக்கிக் கடித்தான்.
ஒரு கண் மூடி, தோள் தூக்கி,
முகம் சுருங்கிய விதம் பார்த்தேன்.
அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும்.
படாங்காஸில் பச்சைப் புளியங்காய் கடித்த
எல்லோருக்கும் அதே முகம்தான்.

வரும்போது கொண்டுவந்தது
புளித்தூள் இருபது பாக்கெட்.
ஈஸ்டருக்குள் தீர்ந்துவிட்டது.
ரெய்க்யாவிக்கில் ஒரு தாய்லாந்துக் கடை உண்டாம்,
ஆறு மணி நேரம், மலைப்பாதை திறந்திருந்தால்.
எலுமிச்சை பிழிந்து பார்த்தேன்:
தரை துடைத்த வாசனை.
வினிகர்:
ஊறுகாய் பாட்டிலைக் கழுவிய தண்ணீர்.
பக்கத்து மேசையில் மீன்முள் எடுக்கும் ஹலினா
முட்டைக்கோஸ் ஊறிய நீரை
ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.
புளித்தது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் அது போலந்து மொழியில் புளித்தது.
அவளோடு பேசியது, என்னோடு பேசவில்லை.

மீன்தலைக்குப் பஞ்சமில்லை இங்கே.
காட் மீனின் தலையைத் தனியே காயவைத்து
நைஜீரியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள்.
கேட்டால் நான்கைந்து பச்சையாகவே தருவார்கள்.
எல்லாம் இருந்தது, புளியைத் தவிர.
செப்டம்பரில் கம்பெனி கைமாறுகிறது என்று
நோட்டீஸ் ஒட்டிய அன்றும்கூட
வயிற்றில் கரைக்க
இந்த ஊரில் புளி இல்லை.

மூன்றாவது தண்டை அறுக்கும்போது
ஜன்னல் திறந்தது.
ஓடலாம்தான்.
நடுப்பகல் போல ஒரு நள்ளிரவில்
எந்த இருட்டில் போய் ஒளிவது?

ஸ்டெய்னார் உள்பனியனோடு வந்தான்.
லாரி ஓட்டுகிறவன். எட்டு மாதத்தில் அவன்
என்னிடம் பேசியதெல்லாம்
பனி தள்ளும் மண்வாரியைப் பற்றி.
கத்தியைக் காட்டி, கூடாது என்றான்.
அடியில் பிடி. திருகு. இழு.
இலையைத் தின்னாதே, விஷம்.
பெயர் ரபர்பாரி.
பிறகு உள்ளே போய்
ஒரு கிலோ சர்க்கரையோடு திரும்பினான்.

அந்தச் சர்க்கரை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

வெங்காயம், தக்காளி, முள்ளங்கி,
காங்கோங் கீரைக்குப் பதிலாகப் பசலை,
நறுக்கிய தண்டு ஒரு கை, தலை இரண்டு.
குழம்பு இளஞ்சிவப்பாகிவிட்டது.
வீடியோவில் தங்கை லூஸ்விமிண்டா கேட்டாள்,
என்னடி அது, நெயில் பாலிஷா?
வெளிச்சம் அப்படி என்றேன்.
புளி கிடைத்ததா?
கிடைத்தது.
என்ன விலை?
சிக்னல் சரியில்லை என்றேன்.

அதே ருசியா என்றால், இல்லை.
புளியென்றால் அடியில் கொஞ்சம் மண் தட்டும்.
இது மேலாக ஓடி, பல்லைக் கூசவைத்து,
கடைசியில் புல்லாக முடிகிறது.
மூன்றாவது கரண்டியில்
நாக்கு தேடுவதை நிறுத்தியது,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.
மூக்கு ஒழுக ஒழுக
சோறு மறுபடி போட்டுக்கொண்டேன்.

காலையில் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன்.
வாசலில் நின்றபடியே ஒரு வாய் உறிஞ்சினான்.
ஒரு கண் மூடி, தோள் தூக்கி.
சர்க்கரை போட மறந்துவிட்டாய் என்றான்.

சொல்லிக்கொண்டே
கட்டைவிரலால் மீன்தலையைப் புரட்டி
கன்னத்துச் சதையை அலுங்காமல் நெம்பி எடுத்தான்.
அது எங்கே இருக்கும் என்று
நான் சொல்லித்தரவில்லை.
பிறகு தலையைத் திருப்பி
மறு கன்னத்தைத் தேடினான்.